ஏஎஸ் 23456-ஐத் திருடன் என்று நம்பிய இரவு

கொழிஞ்சாம்பாறையில் உள்ள ஒரு சிறிய இணைய இணைப்பு நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். நெட்வொர்க் பிரிவு என்று பெயருக்குச் சொன்னாலும் அதில் இருப்பவன் நான் ஒருவன்தான். எங்கள் முதலாளி முன்பு கேபிள் டிவி நடத்தியவர். கேபிளுக்குக் காலம் முடிந்துகொண்டிருந்தபோது அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து இணையத்துக்கு மாறினார். ஏறத்தாழ மூவாயிரம் வாடிக்கையாளர்கள், கோயம்புத்தூர் வழியாக ஒன்றும் கொச்சி வழியாக ஒன்றுமாக, எங்களை உலக இணையத்தோடு சேர்க்கும் பெரிய நிறுவனங்களின் இரண்டு அப்ஸ்ட்ரீம் இணைப்புகள், இணையத்தில் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண் எங்களுக்கென்று ஆறு இலக்கத்தில் ஒன்று, /22 என்று எழுதப்படும் 1,024 முகவரிகள் கொண்ட ஒரே தொகுதி, இவ்வளவுதான் எங்கள் சொத்து. என் வீடு கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறது. எங்கள் உரிமம் கேரள வட்டத்துக்கு மட்டுமானது என்பதால், பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என் வீட்டுக்கு என் நிறுவனத்தின் இணைப்பைக் கொடுக்க முடியாது. இந்தச் சிறிய விவரம் பின்னால் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போவது என்று ரவுட்டர்கள் வைத்திருக்கும் வழித்தட அட்டவணைகளைப் பகுப்பாய்வு செய்யும் கட்டற்ற கருவி ஒன்றை எழுத நான் இறங்கியது பெரிய இலட்சியத்தால் அல்ல, ஒரு சண்டையால். ஒரு மாலையில் எங்கள் வாடிக்கையாளர்கள் சிலருக்கு வெளிநாட்டுத் தளங்கள் சில மட்டும் திறக்கவில்லை. அப்ஸ்ட்ரீமைக் கேட்டால், 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்றார்கள். எங்கள் ரவுட்டரைப் பார்த்து என்னால் எதையும் மறுக்க முடியவில்லை. அது பழைய விலைக்கு வாங்கிய இயந்திரம். அதன் வன்பொருள் நினைவகத்தில் ஐந்து இலட்சத்துச் சொச்சம் வழித்தடங்களுக்கு மேல் கொள்ளாது. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக ஐபிவி4 அட்டவணை 5,12,000 என்ற கோட்டைத் தொட்டபோது உலகெங்கும் பல ரவுட்டர்கள் தடுமாறினவே, அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. இன்று அந்த அட்டவணை பத்து இலட்சத்தை ஒட்டி நிற்கிறது. எனவே முழு அட்டவணையை வாங்காமல், 'தெரியாத எல்லாவற்றையும் இந்தப் பக்கம் அனுப்பு' என்ற ஒற்றை வழித்தடத்தை வைத்துக்கொண்டுதான் பிழைப்பு நடத்துகிறோம். எங்கள் ரவுட்டருக்கு எங்கள் வாசலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நம்மை ஊரார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஊராரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பதற்கு இரண்டு பொது இடங்கள் உண்டு. ஒன்று, அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் நடத்தும் ரவுட்வியூஸ். மற்றொன்று, ஐரோப்பாவின் முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி நடத்தும் ஆர்ஐஎஸ். உலகின் பல நெட்வொர்க்குகள் தாங்கள் காணும் வழித்தடங்களை இவற்றின் சேகரிப்பான்களுக்கு அனுப்பி வைக்கின்றன. ரவுட்வியூஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அட்டவணையையும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடையில் நிகழ்ந்த மாற்றங்களையும் கோப்பாக வெளியிடுகிறது. ஆர்ஐஎஸ்-இல் இவை முறையே எட்டு மணி நேரமும் ஐந்து நிமிடமும். எல்லாம் இலவசம், யாருடைய அனுமதியும் வேண்டாம். இதைக் கண்டுகொண்ட இரவில், ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஏறி நின்று நம் வீட்டுக் கூரையை முதன்முறையாகப் பார்ப்பவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி எனக்கு உண்டானது. அந்த மகிழ்ச்சியில்தான் என் முதல் தவறும் தொடங்கியது.

அந்தக் கோப்புகள் எம்ஆர்டி என்ற இருமக் குறியீட்டு வடிவில் இருக்கும். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6396 என்ற இணையத் தர ஆவணம் அதை விவரிக்கிறது. அதைப் படிக்கும் கருவிகள் ஏற்கெனவே பல உள்ளன. பிஜிபிடம்ப் என்ற பழைய கருவி கோப்பை எழுத்தாக மாற்றித் தரும். கெய்டா ஆய்வு மையத்தின் பிஜிபிஸ்ட்ரீம், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பிஜிபிகிட், பைத்தானில் எம்ஆர்டிபார்ஸ் என்று இன்னும் உண்டு. இவ்வளவு இருந்தும் நான் ஏன் சொந்தமாக ஒரு பார்சர், அதாவது கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல், எழுதினேன் என்று கேட்டால், நேர்மையான பதில் கர்வம்தான். ஆவணத்தைப் படித்தேன், தலைப்பில் பன்னிரண்டு பைட், அதில் நேரம், வகை, துணைவகை, நீளம் என்று தெளிவாக இருந்தது, இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று தோன்றிவிட்டது. ஆவணத்தில் இருப்பது வடிவம் மட்டும். இருபது ஆண்டுகளாகப் பலவகை ரவுட்டர்களும் சேகரிப்பான்களும் அந்த வடிவத்தில் எழுதி வைத்திருக்கும் கோணல்கள், பழைய கருவிகளின் மூல நிரலில், 'இப்படியும் சில கோப்புகள் வருகின்றன' என்ற சிறு குறிப்புகளாகத்தான் இருக்கின்றன. எழுதத் தொடங்குமுன் ஒரு வாரம் அந்தக் குறிப்புகளை மட்டும் படித்திருந்தால் பதினான்கு மாத இரவுகளில் பாதியாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.

முதல் அடி நினைவகத்தில் விழுந்தது. பைத்தானில் எழுதி, ஒரு முழு அட்டவணைக் கோப்பை மடிக்கணினியில் திறந்தேன். இருபது நிமிடத்தில் சுட்டி நகரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. அட்டவணையில் பத்து இலட்சம் முகவரித் தொகுதிகள் என்றால், சேகரிப்பானுக்கு முழு அட்டவணை அனுப்பும் அண்டை நெட்வொர்க்குகள் முப்பது இருந்தால், அந்த ஒரே கோப்பில் மூன்று கோடி வரிகள் இருக்கும். ஒரு வரிக்கு முந்நூறு பைட் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் தொள்ளாயிரம் கோடி பைட்; என் மடிக்கணினியில் இருந்ததோ எட்டு கிகாபைட். ரூ. 4,200 கொடுத்து நினைவகம் கூட்டினேன், அதுவும் போதவில்லை, போதவும் செய்யாது. இந்த வேலையில் யார் இறங்கினாலும் இரண்டு பழக்கங்களை முதல் நாளே பிடித்துக்கொள்ள வேண்டும். கோப்பு முழுவதையும் உள்ளே இழுக்காமல், ஒவ்வொரு பதிவாகப் படித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைக் கைவிட்டு நகர வேண்டும். இரண்டாவது, ஏஎஸ் பாதைகள், அதாவது ஒரு தொகுதியை அடையக் கடக்கும் ஏஎஸ் எண்களின் வரிசைகள், திரும்பத் திரும்ப வருபவை. ஒரே பாதையை ஆயிரக்கணக்கான தொகுதிகள் பகிர்ந்துகொள்ளும். பாதையை ஒருமுறை சேமித்து அதற்கு ஓர் எண் கொடுத்து, பிற இடங்களில் அந்த எண்ணை மட்டும் எழுதினால் நினைவகச் செலவு வெகுவாகக் குறையும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மொழியையும் பைத்தானிலிருந்து கோ-வுக்கு மாற்றினேன். அது தேவைதானா என்று இன்றும் எனக்கு ஐயம் உண்டு.

இரண்டாவது அடி பணத்தில் விழுந்தது. ஓர் ஆண்டின் தரவை அலசிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஒரு சேகரிப்பானுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு முழு அட்டவணைகள், ஆண்டுக்கு 4,380. சுருக்கிய கோப்பாக இருக்கும்போது அடக்கமாகத் தெரிபவை, எழுத்தாக விரித்தால் பூதமாகிவிடும். நான் எல்லாவற்றையும் எழுத்தாக விரித்து வைத்தேன். ஒரு வாரத்தில் பயந்துபோய்ச் சர்வரை நிறுத்தினேன். நிறுத்தினால் வாடகை நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். சர்வர் நின்றாலும் வட்டுக்கான வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்பது இரண்டு மாதம் கழித்து ரூ. 23,640 என்ற பில் வந்தபோதுதான் தெரிந்தது. வீட்டில் அதைச் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. வரலாற்றை ஆராய்பவருக்கு நாளுக்கு ஓர் அட்டவணை போதும். பல கேள்விகளுக்கு மாதத்துக்கு ஒன்றே போதும். கோப்பைச் சுருக்கிய நிலையிலேயே வைத்துப் படிக்க வேண்டும், செலவு எச்சரிக்கையைச் சர்வர் எடுக்கும் அன்றே போட்டுவிட வேண்டும், வேலை முடிந்தால் நிறுத்தாமல் வட்டோடு அழித்துவிட வேண்டும். உண்மையில் என் தேவைக்கு மேசைக்கடியில் வைக்கும் ஒரு வெளிவட்டே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

இதற்கிடையில் கருவியை, ஏறத்தாழ நிபந்தனையில்லாத எம்ஐடி உரிமத்தில் பொதுவில் வெளியிட்டேன். மூன்றாவது வாரத்தில் முகம் தெரியாத ஒருவர், முகவரித் தேடலுக்கான மர அமைப்பில் நான், எடுத்ததையும் அதே உரிமத்திலேயே தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமக் கருவி வேறொன்றிலிருந்து இருபது வரிகளை எடுத்திருப்பதாகவும், அதை எம்ஐடி உரிமத்தின் கீழ் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்றும் மிகப் பணிவாகச் சுட்டிக்காட்டினார். எடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன். வெட்கத்தோடு அந்தப் பகுதியைப் புதிதாக எழுதினேன். அன்றே முதலாளியிடமும், இந்தக் கருவி என் சொந்த நேரத்தில் எழுதியது, நிறுவனம் இதைப் பயன்படுத்தலாம், உரிமை கோராது என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்தேன். அந்தக் கடிதம் இல்லாதிருந்தால் அடுத்து நடந்ததற்குப் பிறகு அதைக் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

கருவியில் ஓர் எச்சரிக்கை வசதி வைத்திருந்தேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்வியூஸின் மாற்றக் கோப்பை இறக்கி, எங்கள் /22 தொகுதியின் தோற்ற ஏஎஸ், அதாவது பாதையின் கடைசியில் நிற்கும் எண், எங்களுடையதாக இல்லாவிட்டால் என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். ஒரு மாசி மாத இரவு 2.20 மணிக்கு அது ஒலித்தது. எங்கள் தொகுதியை ஏஎஸ் 23456 என்ற யாரோ தங்களுடையது என்று அறிவிப்பதாகச் செய்தி வந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் பழைய பதிவுகளைத் துழாவினேன். அதே ஏஎஸ் 23456 பிறருடைய பல தொகுதிகளையும் அறிவித்துக்கொண்டிருந்தது. ஊரையே கொள்ளையடிக்கும் ஒருவனை நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறேன் என்று எண்ணினேன். அந்த நேரத்தில் அச்சத்தைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரிந்ததாகவே தோன்றியது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் முகவரிகளைத் தவறுதலாக உலகுக்கு அறிவித்த நிகழ்வை இந்தத் துறையில் படிக்காதவர் இல்லை. யூடியூப் 208.65.152.0/22 என்று அறிவித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தானிலிருந்து அதனுள் அடங்கிய 208.65.153.0/24 வெளிவந்தது. குறுகிய தொகுதியே வெல்லும் என்பது வழித்தட விதி. ஆதலால் உலகப் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு மணி இருபது நிமிடம் கழித்து யூடியூப் தானும் அதே /24-ஐயும், பிறகு அதையும் பிரித்து இரண்டு /25 தொகுதிகளையும் அறிவித்துப் பெருமளவு மீட்டுக்கொண்டது. என்னுடையதும் /22. எனவே நானும் நான்கு /24 தொகுதிகளாகப் பிரித்து அறிவித்தால் திருடன் தோற்பான் என்று முடிவுசெய்து, 2.50 மணிக்கு வீட்டிலிருந்தபடியே ரவுட்டருக்குள் நுழைந்து /22 அறிவிப்பை எடுத்துவிட்டு நான்கு /24-களை வைத்தேன். அடுத்த நொடி என் திரை உறைந்தது.

2008-க்கும் என் இரவுக்கும் இடையில் உலகம் மாறியிருந்தது. எங்கள் தொகுதிக்கு, இந்தியாவில் இணைய முகவரிகளை ஒதுக்கும் நிக்சியின் ஐஆர்ஐஎன்என் பதிவகம் வழியாக ஆர்ஓஏ என்ற சான்று பதிந்திருந்தோம். 'இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் அறிவிக்கலாம், அதிகபட்ச நீளம் 22' என்பது அதன் சாரம். பதிந்தவனும் நானே. அதன்படி என் /24 அறிவிப்புகள் எல்லாம் செல்லாதவை. சான்றைச் சரிபார்க்கும் அப்ஸ்ட்ரீம் அவற்றைத் தூக்கி எறிந்தது. மற்றொரு அப்ஸ்ட்ரீமின் வடிகட்டியில் எங்கள் பெயரில் /22 தவிர வேறெதற்கும் இடமில்லை, அதுவும் எறிந்தது. /22-ஐ நானே எடுத்துவிட்டதால் எங்கள் ஊர் உலக அட்டவணையிலிருந்து மொத்தமாக மறைந்தது. இல்லாத திருடனை விரட்டுவதற்கு என் வீட்டை நானே கொளுத்தியிருந்தேன்.

என் வீடு எல்லைக்கு இப்பால் இருப்பதால் வேறொரு நிறுவனத்தின் இணைப்பில், அந்த /22-இல் உள்ள முகவரி வழியாகத்தான் ரவுட்டருக்குள் போயிருந்தேன். அடிமரத்தை வெட்டும்போது உட்கார்ந்திருந்தது நுனிக்கிளையில். அப்ஸ்ட்ரீம் இணைப்பின் முகவரி வழியாக நுழைந்திருக்கலாம், ஆனால் பாதுகாப்புக்கென்று அந்த வழியை நானே அடைத்து வைத்திருந்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாவடியில் காவலர் இந்த நேரத்தில் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார். இன்டர்நெட் போய்விட்டது என்று தமிழில் சொன்னேன். அவர் தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, தனக்கு வருகிறதே என்றார். 3.40-க்கு அலுவலகத்தின் ஷட்டரைத் தூக்கி, ரவுட்டரோடு நேரடியாகப் பேசும் கன்சோல் கேபிளைச் செருகிவிட்டேன். அந்த நேரத்திலேயே பழைய அமைப்புக்குத் திரும்பியிருந்தால் ஒரு மணி நேர இடையூறோடு போயிருக்கும். நான் திரும்பவில்லை. திருடன் வென்றுகொண்டிருக்கிறான், இன்னும் உறுதியாக நிற்க வேண்டும் என்று நம்பி, /24 அறிவிப்புகளை எடுத்து எடுத்து மீண்டும் வைத்து, இரண்டு அப்ஸ்ட்ரீம்களின் இரவுப் பணியாளர்களையும் மாறி மாறி அழைத்துக்கொண்டிருந்தேன். விடிந்து 6.30 மணிக்குப் பணிக்கு வந்த ஒரு பொறியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க /24 எல்லாம் ஆர்ஓஏ-படி இன்வேலிட் சார். உங்க /22-வையே காணோமே, நீங்களா எடுத்தீங்க?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பேசவில்லை. 7.10 மணிக்கு எல்லாருக்கும் இணைப்பு திரும்பியது. நான்கு மணி இருபது நிமிடம்.

அதிகாலையில் பால் கொள்முதல் செய்யும் இரண்டு சங்கங்களின் எடைக் கணக்கு இணையத்தில் ஏறவில்லை. அளந்ததைக் கையால் எழுதி வரிசையில் நின்றவர்களை அனுப்பியிருந்தார்கள். முதலாளி எட்டு மணிக்கு வந்தார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சிறிது நேரம் ரவுட்டரையே பார்த்திருந்துவிட்டு, "செரி, மொதல்ல போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க தம்பி. பால் சொசைட்டிக்காரருகிட்ட நான் பேசிக்கிறனுங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மாதம் வாடிக்கையாளர்களுக்குக் கட்டணத்தில் கழித்துக் கொடுத்த வகையில் ரூ. 38,500 போயிற்று.

அந்த ஏஎஸ் 23456 யார் என்று கண்டுபிடிக்க எனக்கு மேலும் மூன்று நாள் ஆனது, அதில் இரண்டு நாள் வீணானது கடிகாரத்தால். கோப்புப் பெயர்களில் உள்ள நேரம் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரம். இரவு இரண்டு மணிக்கு நடந்ததை 0200 என்ற கோப்பில் தேடிக்கொண்டிருந்தேன். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் அது முந்தைய தேதியின் 2030 கோப்பில் அல்லவா இருக்கும்? அதைத் திறந்தபோது 20.36 மணிக்கு அந்தப் பதிவு இருந்தது. அதே கோப்பைப் பிஜிபிடம்ப்பில் போட்டுப் பார்த்தேன். அதில் எங்கள் தொகுதியின் தோற்றம் எங்கள் எண்ணே, திருடன் இல்லை. ஒரே கோப்பு, இரண்டு கருவிகள், இரண்டு விடைகள். என் கருவி தவறு என்பதை ஏற்றுக்கொள்ள அந்த நிமிடத்தில்கூட மனம் முரண்டு பிடித்தது.

விளக்கம் இதுதான். ஏஎஸ் எண்கள் தொடக்கத்தில் பதினாறு பிட் நீளமுள்ளவை; 65,535-க்கு மேல் போக முடியாது. அவை தீர்ந்துவரும் நிலையில், 2007-இல் ஆர்எஃப்சி 4893 அவற்றை முப்பத்திரண்டு பிட்டாக நீட்டியது. 2012-இல் அதன் இடத்துக்கு ஆர்எஃப்சி 6793 வந்தது. பெரிய எண்களைப் புரிந்துகொள்ளாத பழைய ரவுட்டரிடம் பேசும்போது, புதிய ரவுட்டர் பெரிய எண் இருக்கும் இடத்தில் எல்லாம் 23456 என்ற இட்டு நிரப்பும் எண்ணை வைத்து, உண்மையான பாதையை ஏஎஸ்4 பாத் என்ற தனிப் பண்பில் (அறிவிப்போடு போகும் ஒரு தகவல் புலத்தில்), பண்பு எண் 17-இல், கூடவே அனுப்பும். ஆக 23456 என்பது எந்த நிறுவனமும் அல்ல. 'இங்கே உன்னால் படிக்க முடியாத ஒரு பெரிய எண் இருக்கிறது' என்பதற்கான அடையாளம். அன்றிரவு சேகரிப்பானின் அண்டை ரவுட்டர் ஒன்று பதினாறு பிட் அமர்வாக இணைந்திருக்கிறது. அதன் மாற்றப் பதிவுகள் பழைய துணைவகையில் வந்தன. என் பார்சர் அந்தத் துணைவகையைப் படிக்கும், ஆனால் பண்பு 17-ஐக் கண்டால் 'தெரியாதது' என்று தாண்டிவிடும். எங்கள் எண் ஆறு இலக்கம். அதனால் நாங்கள் 23456 ஆனோம். நான் 'கொள்ளையடிக்கப்பட்டவர்கள்' என்று எண்ணிய மற்றவர்களும் பெரிய எண் வைத்திருந்த அப்பாவிகளே. சோதனைகளில் இது ஏன் சிக்கவில்லை என்றால், நான் சோதித்தவை எல்லாம் முழு அட்டவணைக் கோப்புகள். அவற்றின் இரண்டாம் பதிப்பு வடிவில் ஏஎஸ் பாதை எப்போதும் நான்கு பைட் எண்களாகவே எழுதப்பட்டிருக்கும். பிழை, மாற்றக் கோப்பில் மட்டுமே ஒளிந்திருக்கக்கூடியது.

இதைத் திருத்தும்போது இரண்டு பாதைகளையும் எப்படி இணைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஏஎஸ் பாதையில் உள்ள எண்களைவிடத் தனிப் பண்பில் அதிக எண்கள் இருந்தால் தனிப் பண்பை ஒதுக்கிவிட வேண்டும். இல்லையேல் ஏஎஸ் பாதையின் முன்பகுதியில் மிஞ்சும் எண்களைத் தனிப் பண்பின் தலையில் ஒட்டவேண்டும். வாக்கியமாகச் சொன்னால் எளிது. நான் முதல்முறை தலைகீழாக ஒட்டினேன். இந்த முறை என்னைக் காப்பாற்றியது ஒரு புதிய பழக்கம்: ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே கோப்பை என் கருவியிலும் பழைய கருவி ஒன்றிலும் ஓட்டி, வெளியீடுகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒரு வரி மாறினாலும் வெளியிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இதற்கு ஆன வேலை அரை நாள். முதல் வாரத்திலேயே இதைச் செய்திருந்தால் பால் சங்கத்தில் யாரும் கையால் எழுதியிருக்க மாட்டார்கள். கோணலான பதிவுகளைக் கண்டெடுக்கும் போதெல்லாம் அந்தச் சில பைட்டுகளை மட்டும் வெட்டியெடுத்து, சரியான விடையோடு சேர்த்துச் சோதனைக் களஞ்சியத்தில் வைப்பதும் அப்போது தொடங்கியதுதான்.

எச்சரிக்கை விதியையும் மாற்றினேன். அன்று சேகரிப்பானுக்கு வழித்தடம் அனுப்பிய பலரில் ஒரே ஒருவர் வழியாகத்தான் அந்த விந்தையான தோற்றம் தெரிந்தது. மற்ற எல்லாரும் எங்களைச் சரியாகவே கண்டுகொண்டிருந்தார்கள். வழித்தட அட்டவணை என்று ஒன்று உலகில் இல்லை. ஒவ்வொருவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியும் அட்டவணைதான் உண்டு. இப்போது குறைந்தது மூன்று அண்டை நெட்வொர்க்குகள் ஒரே மாற்றத்தைக் காட்டினால் ஒழியத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. 23456, சொந்தப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய 64512 முதல் 65534 வரையிலான எண்கள், ஆவணங்களுக்கென ஒதுக்கிய 64496 முதல் 64511 வரையிலான எண்கள் ஆகியவை தோற்றமாக வந்தால் 'தரவைச் சந்தேகி' என்று தனியாகக் குறிக்கிறது. எச்சரிக்கை வந்த பின்னும் ரவுட்டரைத் தொடுமுன் ஆர்ஐஎஸ் என்ன சொல்கிறது என்று கருவியே பார்த்துச் சொல்லிவிடும். அலுவலக ரவுட்டருக்கு, எங்கள் முகவரிகளைச் சார்ந்திராத கைப்பேசி சிம் வழியில் ஒரு பின்வாசல் வைத்திருக்கிறோம். அதற்கு மாதம் ரூ. 299 செலவாகிறது. ஆர்ஓஏ-வில் அதிகபட்ச நீளத்தை 24 என்று மாற்றிவிடலாமா என்று முதலில் தோன்றியது. அப்படித் தளர்த்தி வைத்தால், நாம் அறிவிக்காத /24-ஐ நம் ஏஎஸ் எண்ணைப் பொய்யாகப் பாதையின் கடைசியில் போட்டு வேறொருவர் அறிவித்தாலும் அது செல்லுபடியாகிவிடும் என்பதால், 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9319 அதைத் தவிர்க்கவே சொல்கிறது. ஆகவே 22 அப்படியே இருக்கிறது. நெருக்கடியில் /24 தேவைப்பட்டால் முதலில் சான்றையும், அடுத்து அப்ஸ்ட்ரீம் வடிகட்டிகளையும், கடைசியாக ரவுட்டரையும் மாற்றுவது என்று வரிசையெழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

நடந்ததை முழுவதும் கருவியின் பக்கத்தில் எழுதி வைத்தேன். அதைப் படித்த மாணவர் ஒருவர், என் பழைய பதிப்பைக் கொண்டு ஏஎஸ்களின் அண்டை எண்ணிக்கையைக் கணக்கிட்டதாகவும், அதில் 23456 மிகப் பெரிய நெட்வொர்க்குகளில் ஒன்றாக வந்தது ஏன் என்று அப்போது தனக்குப் புரியவில்லை என்றும் எழுதினார். அவருடைய ஒரு பருவ உழைப்பில் என் பிழை கலந்திருந்தது. எங்கள் ஊரின் நான்கு மணி நேரத்தைவிட அந்தக் கடிதம்தான் எனக்கு அதிகம் உறுத்தியது. ஏனெனில் ஊரில் தவறு நடந்தது எல்லாருக்கும் தெரியும், அங்கே யாருக்கும் தெரியாமலேயே போயிருக்கும். பழைய பதிப்புகள் எல்லாவற்றின் தலையிலும், எந்தத் தேதிக்கு முந்தைய விடைகளை நம்பக்கூடாது என்று குறிப்பு போட்டேன்.

இன்று என் கருவியில் என் பார்சர் இல்லை. அதன் மூவாயிரம் வரிகளை எடுத்துவிட்டு, ஏற்கெனவே பலர் பராமரிக்கும் ஒரு பார்சரின் மேல் எச்சரிக்கை, ஒப்பீடு, தமிழில் அறிக்கை ஆகியவற்றை மட்டும் வைத்திருக்கிறேன். என் சோதனைக் களஞ்சியத்தில் இருந்த பதினொரு கோணல் பதிவுகளை அந்தப் பார்சரின் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினேன். ஒன்பதை அது ஏற்கெனவே சரியாகப் படித்தது, இரண்டை ஏற்றுத் திருத்தினார்கள். அட்டவணைக் கோப்புகளில் ஐபிவி6 அடுத்த தாவலை (அடுத்து எந்த ரவுட்டருக்கு அனுப்புவது என்ற முகவரியை) சுருக்கி எழுத வேண்டிய இடத்தில் முழுப் பண்பையும் எழுதிவைத்த பழைய கோப்புகள் சில உண்டு. இரண்டு வடிவையும் நீளத்தைப் பார்த்துப் பிரித்தறியும் ஒரு திருத்தத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய கருவியின் விடையும் என் விடையும் இன்னும் நாற்பத்தேழு வரிகளில் வேறுபடுகின்றன.